சேவலைக் கொன்றவள்

ஞாயிறு, இரவு.

பக்கத்து வீட்டுக் குமாரியின் சேவலை மத்தியானம் முதல் காணவில்லை. "உன் பொண்ணுதான்க்கா கொன்னுட்டா! படிக்க வுட மாட்டேங்குது, கழுத்தத் திருகிடுவேன்னு சொல்லிகினே இருந்தாளே!" என்று வாசலில் நின்று தெருவையே கூட்டிவிட்டாள்.

என் மகள் திவ்யா அப்படிச் சொன்னது உண்மைதான். அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து வருகிறாள், சுடிதாரெல்லாம் சிவப்பாக. "கொன்னியாடி?" என்று குமாரி அவளிடமே கேட்டாள். "அம்மா, கேளும்மா" என்றவளை வாயை மூடச் சொல்லி உள்ளே தள்ளினேன். சுடிதாரை வாங்கிச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை போகவேயில்லை. பட்டுக்குச் சாயம் போட்டுப் பிழைக்கிறவள் நான். நான் காய்ச்சிய சாயமே எனக்கு ரத்தமாகத் தெரிந்தது.

சாயங்காலம் சேவல் தானாக வந்தது, முகூர்த்தப் புடவை நிறத்தில். ஆறிப்போன சாயத் தொட்டியில் விழுந்ததைத் திவ்யாதான் தூக்கி விட்டிருக்கிறாள். குமாரியே சிரித்துவிட்டாள்.

திவ்யா சிரிக்கவில்லை. "கொன்னியாடின்னு குமாரி அத்தையாச்சும் கேட்டாங்க. நீ கேக்கவே இல்லம்மா. நேரா தொவைக்கப் போய்ட்ட."

சுடிதார் கொடியில் கிடக்கிறது. நான் போடுகிற சாயம் போகவே போகாது என்று ஆரணி முழுக்கப் பெருமை பேசுகிறவள் நான்.