டாஸில் வேறொரு D

இன்று காலை பழைய கணினி ஒன்றைத் திறந்தேன். சூடேறிய தூசி வாசம் அடித்தது. அவர்கள் உன்னை அடித்த அன்றும் நம் கடையில் இந்த வாசம்தான்.

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாம் சேர்ந்து நடத்திய கணினி பழுதுபார்க்கும் கடை. வாசலில் கேமரா வைத்திருந்தோம். அதற்கு நேர் எதிரேதான் விசைத்தறித் தொழிலாளி மாடசாமியை நான்கு பேர் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றார்கள். வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டியது அவன் குற்றம். காட்சி முழுவதும் நம் கணினி டிஸ்க்கின் இரண்டாம் பகுதியான D டிரைவில் பதிவாகியிருந்தது. அன்று மாலையே, நகலெடுக்க நீ இரண்டாவது டிஸ்க் ஒன்றை மாட்டினாய்.

நகலெடுக்கும் முன்பே அவர்களில் இருவர் வந்து ஷட்டரை இறக்கிவிட்டார்கள். D-யைத் திறந்து படத்தைப் பார்த்தார்கள்.

"D-ய முழுசா அழி வே. எங்க கண்ணு முன்னால."

"விண்டோஸ்ல அழிச்சா திரும்ப எடுத்துரலாம் அண்ணாச்சி. டாஸ்ல போய் ஃபார்மேட் போடுதேன்" என்றாய். உன் குரல் நடுங்கவே இல்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. விண்டோஸுக்கு முந்தைய அந்த டாஸ், ஒவ்வொரு டிஸ்க்கின் முதன்மைப் பகுதிக்கும் C, D என்று எழுத்துக் கொடுத்த பிறகே மற்ற பகுதிகளுக்கு வரும். நீ மாட்டிய வெற்று டிஸ்க் அங்கே D ஆகிவிட்டது. மாடசாமி இருந்த பழைய D, அங்கே E. கறுப்புத் திரையில் D அழிவதை அவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழித்து முடித்த பிறகும் விடவில்லை. உன் வலது கையை மேசையில் அழுத்திக் கம்பியால் அடித்தார்கள். விரல்கள் முறியும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டு, "E-ய காப்பி எடுத்து வக்கீல்ட்ட குடுத்துருலே" என்றாய். கொடுத்தேன்.

விரல்கள் கோணிப்போன கையோடு கோர்ட்டில் சாட்சி சொன்னாய். நான்கு பேருக்கும் ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்த வாரமே, அவர்களுடைய ஆள் ஒருவன் டீக்கடை வாசலில் உன்னை வெட்டினான். தடுத்த என் தோளிலும் ஒரு வெட்டு. என் மடியில்தான் உயிர் போனது.

உன் வழக்கு இப்போதுதான் விசாரணைக்கு வந்திருக்கிறது. அந்தத் தெருவில் கேமரா எதுவும் கிடையாது. வெட்டியவனின் முகம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. திங்கட்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறி அவனைக் கைகாட்டப் போகிறேன்.