உங்கள் பெயர்க்காரன்

என்னங்க,

கடிதம் வந்தது. அந்தச் சாய்ந்த முக்கோணங்களையும் கொக்கிகளையும் பார்த்ததுமே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. நம் பனிநாட்டு எழுத்தை அப்படிச் சாய்த்து எழுத உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? வழக்கம்போல எல்லோருக்கும் வாசித்தேன். காசநோய் குணமாகி ஆகஸ்ட் கப்பலில் வருகிறீர்கள் என்றதும், "இப்ப எனக்கு ரெண்டு மவனாடி?" என்றார் உங்கள் அம்மா.

நீங்கள் தெற்கே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக முன்பு ஒரு காகிதம் வந்தது. அது வெள்ளைக்காரர் எழுத்து. நம்மிடம் தோல் வாங்கும் கடைத்துரை வாசித்ததை நம்பி அழுதேன். உங்கள் எழுத்துக்காகக் காத்திருக்கவில்லை.

இறந்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைக்காமல் இருப்போமா? வைத்துவிட்டோம்; பெயரோடு அந்த ஆளே திரும்பி வந்துவிடுவார் அல்லவா. "தெக்க சீல் கறி கிடைக்கலன்னு ஓடி வந்துட்டியாடா?" என்று உங்கள் அம்மா அவனைக் கொஞ்சுவார். நானும் முறைப்படி அவனை "என்னங்க" என்றுதான் கூப்பிடுகிறேன்.

உங்கள் நாய்கள் நன்றாக இருக்கின்றன. பிள்ளையின் அப்பா கூனூதான் தீனி போடுகிறார். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் கூடாரத்துக்குள் வருவதில்லை.

கப்பல் வரும்போது கரையில் நிற்பேன். முதுகில் அவன் இருப்பான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவனை மட்டும் ஒருமுறை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்