மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிணறு

மார்ச் 4, செவ்வாய்

பூசணிக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. தங்கச்சி மகளுக்கு அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். அப்படி உருண்டு திரண்டு இருந்தாள். இப்போது கையைப் பிடித்தால் எலும்பு தட்டுகிறது. மூன்று வயதுப் பிள்ளை, நாள் முழுக்கச் சுருண்டு படுத்துக் கிடக்கிறாள்.

தங்கச்சி வேலைக்குக் கிளம்பியதும் பிள்ளை என் பொறுப்பு. அவள் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், வருஷத்தில் பாதி நாள் கடல்தான். எனக்கு வீட்டிலேயே தையல் மிஷின், பள்ளிச் சீருடை. அதனால்தானே பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கினோம்.

சாயங்காலம் அவள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீ தண்ணி காய்ச்சுற லட்சணம் எனக்குத் தெரியாதா? சூடானதும் இறக்கிடுவே. கொதிக்கணும்டி, கொதிக்கணும்!"

"கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறேன் அக்கா."

"அப்போ பிள்ளைக்கு எங்கிருந்து வருது? வானத்துலேருந்தா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ? இல்லை. அவளுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

குடியிருப்போர் கூட்டம், மூலை வீட்டுக்காரரின் கார் ஷெட்டில். பின்பக்க வாய்க்கால் நாறுகிறது என்று நான்தான் சுகாதார அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். ஆய்வாளர் வந்திருந்தார். சின்ன வயதுப் பெண், ஆனால் பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது. "இது புதுக் குடியிருப்பு. பொதுச் சாக்கடைக் குழாய் இங்க வரலை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி செப்டிக் டேங்க், தனி உறிஞ்சுகுழி, தனிக் கிணறு. ஒருத்தர் தப்பு பண்ணினா ஊரே குடிக்கணும்," என்றார். ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் சாயம் ஊற்றி, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கப் போகிறார்களாம்.

எனக்குச் சந்தேகமே இல்லை, மூலை வீட்டு டேங்க்தான் வாய்க்காலில் கசிகிறது. அந்த மனுஷர் உட்கார்ந்திருந்த தோரணையே சொல்லியது.

"முதல்ல யார் வீட்டுல?" என்று ஆய்வாளர் கேட்டதும் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். "எங்க வீட்டுல ஊத்துங்க. மடியில கனம் இல்லை."

வரும் வழியில் என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "எதுக்கெடுத்தாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி நிக்கணுமா?"

நிற்பேன். ஏன் நிற்கக்கூடாது?

மார்ச் 12, புதன்

சாயம் ஊற்றியாயிற்று. பொடியாக இருக்கும்போது செங்கல் நிறம், தண்ணீரில் பட்டதும் பளீரென்று பச்சை. உடம்புக்கு ஒன்றும் செய்யாதாம். வாளி வாளியாக ஊற்றி இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆய்வாளர் எங்கள் குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் டேப் பிடித்து அளந்தார். விதியில் சொன்னதைவிடத் தாராளமாகவே இருந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போகும்போது, "மதிலுக்கு அந்தப் பக்கம் யார் வீடு?" என்றார்.

"என் தங்கச்சி வீடுதாங்க."

மதிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 14, வெள்ளி

வாய்க்காலில் பச்சை இல்லை. சொன்னேனே!

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் தையல் மிஷினில் இருந்தேன். "பெரியம்மா! பெரியம்மா! ஓடி வாங்க!" என்று பூசணியின் சத்தம். அவள் அப்படிக் கூவி எத்தனை நாளாகிறது! சந்தோஷமாக ஓடினேன். தங்கச்சி வீட்டு முற்றத்துக் குழாயடியில் பிள்ளை வெற்றுடம்போடு தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். "தண்ணி கலரா வருது பாருங்க!" என்று கைதட்டினாள். அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டாள். வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினாள்.

பளீரென்ற பச்சை.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நானும் சிரித்தேன். பிள்ளை சிரிக்கிறாளே என்று சிரித்தேன். அப்புறம் தங்கச்சி முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

என் வீட்டுக் கழிப்பறையில் ஊற்றியது. என் வீட்டு —

அவள்தான் பிள்ளையை வெடுக்கென்று தூக்கினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, திங்கள்

இல்லை, எங்கோ தப்பு நடந்திருக்கிறது. என் குழி விதிப்படிதானே இருக்கிறது? அளந்தார்களே, என் கண் முன்னால் அளந்தார்களே!

மார்ச் 18, செவ்வாய்

ஆய்வாளர் குடியிருப்பின் மொத்த வரைபடத்தைக் கொண்டு வந்து என் தையல் மேஜைமேல் விரித்தார். வீடுகளை ஜோடி ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக் கிணறு, ஒரு வீட்டுக் குழிக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக் குழி. கிணறும் குழியும் எங்கேயும் நெருங்காது. அதுதான் இதற்கு விதியாம்.

"உங்க வீடு மட்டும் இதுல எதிர்ப்பக்கமா இருக்கும்மா. கட்டும்போது ஏதாவது மாத்தினீங்களா?"

மாற்றினேன். நான்தான் மாற்றினேன். வரைபடத்தில் என் சமையலறை அந்தக் கோடியில் இருந்தது. அங்கே நின்று சமைத்தால் தங்கச்சி வீட்டு முற்றம் தெரியாது, பிள்ளை விளையாடுவது தெரியாது. சமையலறையை இந்தப் பக்கம் கொண்டுவாங்க என்று கொத்தனாரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். "அதுக்கென்னம்மா, கண்ணாடியில பாக்கிற மாதிரி வீட்டையே திருப்பிப் போட்டாப் போச்சு," என்றார் அவர். வீடு திரும்பியது. குழாய் திரும்பியது. குழியும் திரும்பி மதிலோரம் வந்து உட்கார்ந்தது. என் கிணறு அந்தக் கோடிக்குப் போய்விட்டது. வீடு முடிந்ததும் அளக்க வந்தவர்கள் என் கிணற்றுக்குத்தான் அளந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் அளக்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று செய்தேன். அதுதான் பிள்ளையைக் கொன்றிருக்கும்.

"குடிக்கக் காய்ச்சியிருப்பாங்க. ஆனா பல் தேய்க்க, குளிக்க யாரும் காய்ச்ச மாட்டாங்களே," என்றார் ஆய்வாளர். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

மார்ச் 19, புதன்

தங்கச்சி போய்விட்டாள். அவள் அலுவலகத்துப் பக்கம் கூட வேலை செய்பவள் வீட்டில் மாடி அறை இருக்கிறதாம். நான் வாசலில் நின்றேன். என்ன சொல்வது? மன்னித்துவிடு என்றால் போதுமா? திட்டமாட்டாளா, நாலு அறை அறையமாட்டாளா என்றிருந்தது.

பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "நான் சரியாக் காய்ச்சலைன்னு சொன்னியே அக்கா."

அவ்வளவுதான். பிள்ளை மட்டும் கை ஆட்டினாள்.

மார்ச் 22, சனி

டேங்கையும் குழியையும் மூடச் சொல்லி உத்தரவு. புதுக்குழி எங்கள் மனையின் பின்கோடியில் வர வேண்டும், எங்கள் கிணற்றுக்கும் விலகி, சுற்றியுள்ள எல்லார் கிணற்றுக்கும் விலகி. முதலில் அந்த மண் தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக்கூடக் கழிவறையில் ஊற்றக்கூடாது.

அப்போ நாங்கள் எங்கே போவது? இவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது மூலை வீட்டுக்காரர் வந்தார், கையில் சாவியோடு. "எங்க வெளி பாத்ரூம் சாவிம்மா. எந்நேரம்னாலும் வாங்க. கதவு லேசா இழுக்கும், உதைச்சுத் திறக்கணும்."

அவர் வீட்டுச் சாயம் எங்கேயும் வெளியே வரவில்லை. வாய்க்காலில் நாறியது செத்த பெருச்சாளியாம். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை.

மார்ச் 30, ஞாயிறு

கதவை உதைத்துத் திறக்கிறேன். தினமும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

புதுக்குழி முடிந்தது. மறுபடி சாயம் ஊற்றிப் பார்த்தார்கள், யார் கிணற்றிலும் பச்சை வரவில்லை. தங்கச்சி வீட்டுக் கிணற்றை இறைத்து, மருந்து போட்டு, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அவளுக்குத் தகவல் அனுப்பினேன். "சரி" என்று ஒரே வார்த்தை வந்தது. எடுத்து எடுத்துப் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது பார்க்க?

மே 11, ஞாயிறு

தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்துவிட்டது. ஆய்வாளரே சொல்லிவிட்டார், இனி தாராளமாகக் குடிக்கலாம் என்று. அவள் வரவில்லை. கப்பல்காரர் கூப்பிட்டிருந்தார். "அவளுக்குக் குழாயத் திறக்கவே கை வரலியாம் அக்கா. கொஞ்ச நாள் விடுங்க," என்றார். அவர்கூட என்னைத் திட்டவில்லை. எல்லாரும் ஏன் இப்படி நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்கள்!

ஜூன் 15, ஞாயிறு

பிள்ளையைக் காட்டுவதற்காக இவரை மட்டும் வரச் சொல்லியிருந்தாள். வந்து சொன்னார்: கன்னம் வைத்திருக்கிறதாம், ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறாளாம், அவர் சட்டைப் பையைக் கிழித்துவிட்டாளாம். கிழிந்த பையைத் தைத்துக்கொடுத்தேன். கண் மறைத்து ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது.

ஜூலை 5, சனி

தங்கச்சி கூப்பிட்டாள். அவளே!

"அக்கா, ஒரு வீடு பாத்திருக்கோம், வாங்கலாம்னு. இங்கேயே பக்கத்துல. நாளைக்கு வர முடியுமா?"

வீட்டைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"கிணறு எங்க, குழி எங்கன்னு நீ பாத்துச் சொல்லணும். வேற யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

ஜூலை 6, ஞாயிறு

பேருந்து மாறிப் போனேன். பிள்ளை என் கையை விடவில்லை. தங்கச்சி அதிகம் பேசவில்லை. விற்பவர் காட்டிய இடத்தை மட்டும் பார்க்கவில்லை நான். பக்கத்து வீடு, பின்வீடு என்று எல்லார் கதவையும் தட்டினேன். "யாரும்மா நீங்க?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். மதில்மேல் எட்டிப் பார்த்தேன், மூடியைத் திறக்கச் சொன்னேன், டேப்பின் அந்த முனையைத் தங்கச்சியிடம் கொடுத்து இந்த முனையை நான் பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்தேன்.

ஏதாவது ஒரு குறை இருக்காதா என்றுதான் தேடினேன். இங்கே மட்டும்தான் இதை எழுத முடியும். ஒரு குழி, ஒரே ஒரு குழி கொஞ்சம் நெருங்கி இருந்தால் போதும். இது வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அவள் பக்கத்து வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாள்.

எல்லாம் சரியாக இருந்தது. எந்தப் பக்கத்துக் குழியும் கிட்டே இல்லை.

தங்கச்சி டேப்பைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "என்ன அக்கா, வாங்கலாமா?"

"நல்லா இருக்கு. வாங்கிக்கோ."

அவள் உடனே விற்பவரிடம் போய்ச் சரி என்று சொல்லிவிட்டாள். வேறு யாரிடமும் கேட்கவில்லை.