ஒரு முகவரிக்கு ஒரு பதில்

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கலைக் குக்கரில் வைத்து இறக்கிவிட்டு ஆறு மணிக்கு நகர மன்றக் கட்டிடத்துக்குப் போனேன். சுகாதாரக் குழுவில் நாங்கள் ஏழு பேர். சம்பளம் கிடையாது, பெயர்ப்பலகை உண்டு. இங்குள்ள மருத்துவமனை தன் டயாலிசிஸ் பிரிவை மூடிவிட்டு, இருபத்துநான்கு மைல் தள்ளியிருக்கும் பெரிய மையத்தோடு சேர்க்கப் பார்க்கிறது. மூடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது நாங்கள் இல்லை. மக்களிடம் ஒழுங்காகக் கேட்டார்களா என்று பார்த்து நகர மன்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

மருத்துவமனை நிர்வாகத்தின் அறிக்கை வந்துவிட்டது. 1,904 பதில்கள். ஐம்பத்தெட்டு சதவீதம் பேருக்கு ஆட்சேபம் இல்லை.

"உங்க ரூலால டேட்டா ரொம்ப க்ளீனா இருக்கு, ஜலஜா" என்றார் தலைவர் சாய்ராம்.

அக்டோபரில் நான் கொடுத்த விதி அது. ஒரு முகவரிக்கு ஒரு பதில். முதலில் வருவது மட்டும் கணக்கில். போன வருடம் பிக்கிள்பால் விளையாட மைதானம் வேண்டுமா என்று நகரம் கேட்டபோது ஒரே வீட்டிலிருந்து நாற்பத்தொரு பதில்கள் வந்தன. வாட்ஸப்பில் சுற்றும் லிங்க்கை நான் நம்புவதில்லை. மருந்துச் சோதனைகளின் புள்ளிவிவரம் பார்ப்பவள் எதையும் சுலபமாக நம்பக் கூடாது.

பாராட்டு பிடித்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

சேக் தாவூத் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கல்லாவில் அவர் மனைவி மெஹர் நிஷா. நாற்பத்தொரு வயது. மூன்று வருடமாக டயாலிசிஸ் – செவ்வாய், வியாழன், சனி. மற்ற நாட்களில் கடை. எனக்குத் தெரிந்தவர்களில் அந்தப் பிரிவுக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, அந்தக் கமிட்டில நீங்க இருக்கீங்களாமே. மூடிருவாங்களா?"

"கேட்டுட்டிருக்காங்க."

"நல்லாக் கேட்டாங்க. எங்க வீட்ல ஏழு பேரும் ஃபார்ம் போட்டோம். மச்சான் ஒருத்தரையும் விடாம உக்கார வச்சுப் போட வச்சாங்க."

கணவரைத்தான் மச்சான் என்கிறாள். ஏழு பேர், ஒரு முகவரி. நான் கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்கன்னா பத்து நிமிஷம்க்கா. சின்ன ரோட்லயே நானே ஓட்டிட்டுப் போறேன். முடிச்சு அரை மணி உக்காந்துட்டு நானே ஓட்டிட்டு வர்றேன். அங்கன்னா ஃப்ரீவே, எல்லாரும் பறக்குற ரோடு. மயக்கமா வர்றப்ப அதுல எனக்கு ஓட்டத் தைரியம் இல்ல. வாரத்துல மூணு நாள் இவங்க கடையப் பூட்டிட்டு என்னைக் கொண்டுபோய் எறக்கி ஏத்தணும். நான் லக்கேஜ் ஆயிருவேன்."

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். விதியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜனவரி 20

ஏழு பதில்கள், ஒரு கை. இதற்குத்தான் விதி. பிறகு ஏன் உறுத்துகிறது?

ஜனவரி 23, வியாழன்

கழித்தது போக மிஞ்சியதைத்தான் அறிக்கையில் கொடுத்திருக்கிறார்கள். கழிக்காத கோப்பு வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். மதியமே அனுப்பிவிட்டார்கள். ஒளிக்க எதுவுமில்லை என்ற தோரணை. வந்தவை 2,617. கழித்தவை 713.

அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே கை எழுதியவை என்றால் ஒரே வீட்டிலிருந்து வந்த பதில்கள் ஒன்றுபோல இருக்க வேண்டும். பல வீடுகளில் அப்படி இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

மெஹர் வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன் ஃபோன் செய்தேன், பிரியாணி வேண்டாம் என்றும் சொன்னேன். பிரியாணி இருந்தது.

தாவூத், அவர் தம்பி, தம்பி மனைவி, தாவூதின் தந்தை எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். ஃபார்மை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். தாவூத் விசாரணை போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான்க்கா போட்டேன். நானா எதுவும் டிக் பண்ணல."

"முதல்ல யாரோடது?"

"வாப்பாவோடது. வீட்ல பெரியவங்க இருக்கையில என் பேரை முதல்ல போட முடியுமா?"

முடியாது. எனக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகையிலிருந்து இங்கே டேகேர் ஃபார்ம் வரைக்கும் மாமனார் பெயரைத்தான் நானும் முதலில் எழுதியிருக்கிறேன் – கேட்ட இடத்திலும், கேட்காத இடத்திலும்.

பெரியவரிடம் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்கு எழுபத்தெட்டு. இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன.

"எனக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லேன்னேன்மா. நான் அங்க போறதே கிடையாதே. போறவங்க சொல்லட்டும், நான் எதுக்குக் குறுக்க விழணும்?"

மரியாதையான பதில். அந்த வீட்டிலிருந்து கணக்கில் ஏறியது அது ஒன்றுதான். மெஹரின் பதில் ஐந்தாவது.

சொன்னேன். விதி என்ன, அதைக் கொண்டுவந்தது யார், எல்லாவற்றையும். பெரியவர் என்ன என்ன என்று மகனைக் கேட்டார். தாவூத் அவருக்குச் சொல்லவில்லை.

"அப்ப என் பதிலை அழிச்சது ஆஸ்பத்திரி இல்ல" என்றாள் மெஹர். "நீங்க."

"ஆமா."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து தயிர்ப் பச்சடி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

காரில் வந்து உட்கார்ந்தேன். என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? படிச்ச படிப்புக்கு இதுவா? திருட்டு ஓட்டைப் பிடிக்கறேன்னு போய் நோயாளி வாயை மூடிட்டு வந்திருக்கேன். ஒரு வீட்டுக்காவது போய்க் கேட்டேனா? கேட்கல. தெரியும்னு நினைச்சேன். என் வீடு மாதிரிதானே.

ஜனவரி 27

கழித்த 713ஐயும் சேர்த்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு சதவீதம் ஆட்சேபம். பலர் சேர்ந்து வாழும் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கில் முதல் பதில் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவருடையது. எங்கள் வீடுகள் மட்டுமில்லை. வியட்நாம்காரர்கள், ஃபிலிப்பினோக்கள், மெக்சிகோக்காரர்கள் – எல்லா இடத்திலும் பெரியவரே முதலில்.

இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறை, தவறாக இருக்காதா என்ற ஆசையில்.

ஜனவரி 30

சாய்ராமுக்கு ஃபோன் செய்தேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்கு எதிரா சாட்சி சொல்றீங்களா, உங்களுக்கு எதிராவா?"

"ரெண்டுக்கும்னு வச்சுக்கோங்க."

"நாம எல்லாரும் சேர்ந்து பாஸ் பண்ண ரூல்மா அது. இப்ப மாத்தினா, நம்ம ஆளுங்களுக்காக மாத்தினாங்கன்னுதான் சொல்வாங்க. அடுத்த தடவை நம்மள ஒரு கமிட்டிலயும் உக்கார விடமாட்டாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சிரமம்.

மகள் அதிதியிடம் சொன்னேன். பதினேழு வயது. தமிழில் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்பவள். முழுக் கதையும் கேட்டுவிட்டு, "ஸோ, யூ வேர் ராங்" என்றாள். நகர மன்றத்துக்கான இரண்டு பக்கக் கருத்துரையில் நான் எழுத வேண்டியிருப்பதும் அதுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

குழு கூடியது. கேட்ட முறை சரியில்லை, மறுபடி கேட்க வேண்டும் என்ற என் வரைவுக்கு ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று. சாய்ராம் எதிர்த்தார். முடிந்ததும் என் நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, குட்நைட் சொல்லாமல் போனார்.

பிப்ரவரி 9

கடை. மெஹர் பில் போட்டாள். தொகையைச் சொன்னாள். அக்கா என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நேற்று மாலை நகர மன்றம். எனக்கு மூன்று நிமிடம். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன்: இந்த விதியை முன்மொழிந்தவள் நான்.

மருத்துவமனை அதிகாரி, "குழு சொன்னதைத்தானே செய்தோம்" என்றார். உண்மை. மன்ற உறுப்பினர் ஒருவர் என்னிடம், "உங்கள் குழுவின் வழிமுறையே தவறு என்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

தீர்மானம்: அறுபது நாட்களுக்குள் மீண்டும் கேட்க வேண்டும். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதில். நோயாளிகளை அவர்கள் சிகிச்சை பெறும் இடத்திலேயே போய்க் கேட்க வேண்டும். ஒருமனதாக நிறைவேறியது.

இதனால் பிரிவு மூடப்படாது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை.

ஏப்ரல் 10

தாவூத் ஃபோன் செய்தார். டயாலிசிஸ் நடக்கும்போதே ஒரு பெண் தாளோடு வந்து மெஹர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாளாம். வருவது எப்படி, ஓட்டுவது யார், எந்த வழி என்றெல்லாம் கேட்டாளாம்.

"என்ன சொன்னாங்க மெஹர்?"

"நாப்பது நிமிஷம் சொன்னா, அக்கா. அந்தப் பொண்ணுக்குத் தாள் பத்தல."

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாவது அறிக்கை. சிகிச்சைக்கு வரும் அறுபத்துநான்கு பேரில் முப்பத்தொரு பேர் தாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஃப்ரீவேயில் ஏறுவதில்லை. நிர்வாகத்துக்கு இது தெரிந்திருக்கவில்லை. முதல் தடவை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

மருத்துவமனையின் முடிவு: பதினாறு டயாலிசிஸ் நாற்காலிகளில் ஆறு இங்கேயே இருக்கும், இரண்டு வருடத்துக்கு. தாங்களே ஓட்டி வருகிறவர்களுக்கு முன்னுரிமை. அவர்களிலும் எல்லோருக்கும் இடமில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் தூரத்து மையத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இந்த முறை ஒழுங்காகக் கேட்டார்களா என்று எழுதித் தரச் சொன்னார்கள். கேட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாதிப் பேரின் பதில்களும் கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 31

பதவிக் காலம் முடிந்தது. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கடிதம். சாய்ராம் தனியாக ஒரு வரி: "அப்ளை பண்ணுங்க. சண்டை போட ஒரு ஆள் வேணும்."

இன்னும் பதில் போடவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை எட்டேகாலுக்கு, நூலகத்துக்கு அருகிலுள்ள சிக்னலில், இடது பக்கத் தடத்தில் மெஹரின் கார். தனியாக இருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். பக்கத்து இருக்கையில் போர்வையும் தண்ணீர் பாட்டிலும். என்னைப் பார்த்தாளா, தெரியாது.

பச்சை விழுந்தது. இண்டிகேட்டர் போட்டு, எதிரே வந்த பஸ்ஸைப் போக விட்டு, நிதானமாக உள்ளூர் மருத்துவமனைப் பக்கம் திரும்பினாள்.