இரைச்சலோடு ஒரு பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அம்மா போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் பாடியதை நான் ஃபோனில் பதிந்தேனே, அது தகர டப்பாவுக்குள் கேட்பதுபோல் இருக்கிறது, நல்ல ஸ்பீக்கர் பார் என்றீர்கள். வேலை முடிந்ததும் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். நேற்று ஒரு கடையில் பெரிய ஸ்பீக்கரில் அதைப் போட்டார்கள்.

"ஒரே இரைச்சலா இருக்கேம்மா, இருங்க, எடுத்துடறேன்" என்று கடைக்காரர் எதையோ திருகினார். குரல் இனித்தது. ஆனால் அது அம்மா இல்லை. அவர் எடுத்தது அம்மாவின் மூச்சிரைப்பை.

"அது வேணும் சார்" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். கவலைப்படாதீர்கள், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "இதுல எதுவும் ஒளியாதும்மா" என்று மூலையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றில் போட்டார். அம்மா பாட்டை நிறுத்தி மூச்சு வாங்கினாள். ஃபோனில் நமக்குக் கேட்காத ஒன்றையும் முணுமுணுத்தாள்: "உங்கப்பா சாப்பிட்டாரா பாரு."

அதையே வாங்கிவிட்டேன். லீவுக்கு எடுத்து வருகிறேன்.

சமைக்கும்போது நீங்களும் ஏதாவது பேசிப் பதிந்து அனுப்புங்கள். நடுவில் இருமினால் அழிக்காதீர்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்