துரைக்கு எழுதிய மனுவில் இல்லாத பெயர்

அக்கா,

மைக்கூட்டைத் திறந்ததும் அந்தப் புளித்த மணம் வந்தது. உங்கள் குசினியில் அடுப்போரம் நாம் இங்கிலீஷ் எழுதிப் பழகிய மணம். காலையிலிருந்து எழுதுகிறேன், கிழிக்கிறேன். இவரை நெஞ்சு வருத்தத்துக்குக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. பெரிய டொக்டருக்கு எழுதிக் கேட்க வேண்டும். இன்றைய ரயிலில் தபால் போய்விடும்.

மிஷன் வீட்டில் எறிந்த இலக்கணப் புத்தகத்தில் பாதிதான் நமக்குக் கிடைத்தது. இங்கிலீஷ் சொல்லுக்கு முன்னால் எங்கே 'எ' வரும், எங்கே 'த' வரும் என்று எனக்குப் பிடிபடவேயில்லை. "உப்பு மாதிரி எல்லாத்திலையும் தூவுறாய்" என்பீர்கள். நீங்களோ முற்றுப்புள்ளியே வைக்கமாட்டீர்கள். கேட்டால், "செபமாலைக்கு நடுவிலை ஆரும் நிப்பாட்டுறவையோ?"

கடல்வழியாகக் கள்ளத்தனமாகப் புடவை இறக்கினார் என்று உங்கள் வீட்டுக்காரரை, அண்ணனை, மறியல் வீட்டில் அடைத்தபோது, நீங்கள் சொல்லச் சொல்ல நான் துரைக்கு மனு எழுதினேன். பிழை தேடித் தேடித் திருத்தினோம். மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தெடுத்து மன்னார்க் கச்சேரிக்கு, துரையின் அலுவலகத்துக்கு, கொண்டுபோனோம். கிளாக்கர் இரண்டுதரம் வாசித்தார்.

"'ஹீ' கடலுக்குப் போனார், 'ஹீ' களவு செய்யேல்லை. எல்லாம் சரி. ஆரம்மா இந்த 'ஹீ'?"

புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்வதில்லை. அதனால் மனுவிலும் அது வரவில்லை. நம் இருவர் கண்ணிலும் அது பிழையாகப் படவுமில்லை. நீங்கள் சீலைத் தலைப்பால் வாயை மூடி, என் முழங்கையில் இடித்தீர்கள். நான் அண்ணனின் பெயரைச் சொன்னேன். கிளாக்கர் என்னையே பெண்சாதி என்று எழுதிவிட்டார்.

"இனிச் சோறும் நீயே கொண்டுபோய்க் குடு" என்று வெளியில் வந்து சிரித்தீர்கள், கண் நிறைந்திருக்க. அண்ணனை விடும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினீர்கள்.

இன்று என் தாளிலும் 'ஹீ' தான். 'ஹீ' சாப்பிடுகிறாரா, 'ஹீ' நித்திரை கொள்கிறாரா என்று கேட்டிருக்கிறேன். அத்தனை கட்டிலுக்குள் எந்த 'ஹீ' என்று தேடுவார்கள்? நான் இடிக்க, எனக்காகப் பெயரைச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை. போன பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு உங்களைச் சேமக்காலை மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்தோம்.

தலையை மூடி, சிலுவை அடையாளம் போட்டு, அவர் பெயரை நானே எழுதிவிட்டேன். அதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைக்க மட்டும் கை வரவில்லை, அக்கா