குடும்பக் கணக்கில் ஒரு காலி இடம்

ஜெப்ஸி அப்பா,

சாளை மீன் குழம்பு அடுப்படியில் இருக்கிறது. சோற்றை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புதுப் போனுக்கு இடமில்லை என்று, என் போனில் உள்ள, பாட்டுக் கேட்கும் குடும்பக் கணக்கிலிருந்து ஜெப்ஸியை நீக்கிவிட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் பேசாத பிள்ளை நேற்று போனில், “அப்பா என்னைய எடுத்துட்டாவளாம்மா?” என்று அழுதாள்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். அதில் ஆறு பேருக்குத்தான் இடம். கடவுச்சொல்லை மறந்து நீங்கள் புதுக் கணக்குத் தொடங்கியதில், அந்த ஆறு பேரில் நீங்களே இரண்டு பேர். பழைய உங்களை நீக்கிவிட்டேன்.

என் போன் மேசையில் இருக்கிறது. கணக்கில் மறுபடி சேர அவளுக்கு அழைப்பு எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பும் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.

நான் முத்தையாபுரத்தில் அவள் வீட்டில் இருப்பேன். அழைப்பு வந்ததும் பஸ் ஏறிவிடுவேன்.

– ஞானபாய்

பி.கு.: குழம்பு இரண்டு வேளைக்குத்தான் வரும்.